அண்ணன் ஆடாத ஆட்டம்

ஒரு சுருள் வெள்ளைப் பிளாஸ்திரி. அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, பெரியப்பா மகனின் பத்து விரல்களுக்கும் சுற்றிவிடுவதுதான் சேலத்தில் கல்லூரி படித்தபோது எனக்கு வாய்த்த விளையாட்டு. எழுபதுகளின் கடைசி. அண்ணன் கல்லூரி வாலிபால் அணியின் கேப்டன். வலையோரம் நின்று, வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி, அடிப்பவனுக்கு ஏற்ற உயரத்தில் எடுத்துக் கொடுக்கிற இடம் அவனுடையது. நானும் அதே இடத்துக்காரன்தான். ஆனால் அந்த இடத்துக்கு ஒருவன் போதும். என்னைவிட ஒரு வயது மூத்தவன் அதில் நின்றதால் நான் பெஞ்சில் உட்கார்ந்து, அவனுக்குக் கால் சுளுக்காதா என்று சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சங்ககிரியில் ஆட்டம் என்றால் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவனைப் பார்க்க நிற்பார்கள். அவன் கையில் பந்து பட்டால் சத்தம் கேட்காது. என் கையில் பட்டால் கேட்கும். எங்கள் அணியில் பந்தடிக்கிற நெட்டையனுக்கு எவ்வளவு உயரம் வேண்டும், இடதுகைக்காரனுக்கு எத்தனை விரற்கடை தள்ளி வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கேட்காமலே எனக்கும் சொல்லிக் கொடுப்பான். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

அவனுடைய கடைசி வருஷம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வருகிறார்கள், அவர்கள் கண்ணில் பட்டவனுக்கு வேலை உறுதி என்று பி.டி. சார் சொன்னார். அதே நாள் காலை திருச்செங்கோட்டில் அண்ணனின் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவனும் கைகோர்த்து உட்கார வேண்டும். கைகோர்வை என்போம். உடன்பிறந்தவன் இல்லையென்றால் பங்காளி மகன் உட்காரலாம். அண்ணன் என்னிடம்தான் வந்தான். எனக்குப் பதிலாக நீ உட்கார், நான் போய் ஆடிவிட்டு வருகிறேன் என்றான். நான் தலையாட்டினேன்.

தலையாட்டிய கையோடு பெரியப்பாவிடம் போனேன்.

"உடம்பொறந்தவன் இருக்கறப்போ பங்காளி கைகோத்து உக்காந்தா ஊரு சிரிக்காதுங்களா, பெரிப்பா?"

கல்யாண வீட்டில் ஊர் சிரிக்கும் என்றால் போதும், வேறு மந்திரம் வேண்டாம். பெரியப்பா அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டு மறித்துவிட்டார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மணவறையில் அவன் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சேலத்தில் என் விரல்களுக்கு நானே பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஜெயித்தோம். நன்றாகத்தான் ஆடினேன், பொய் சொல்லவில்லை. அந்த இருவரும் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். என் கையிலிருந்த பந்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்ட நெட்டையன் மட்டும், "நல்லாத்தான் குடுத்தீங்க. உங்கண்ணன் குடுத்தா நாங்க கண்ண மூடிட்டு அடிப்போமுங்க" என்றான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் அதுதான் காதில் கேட்டது.

அண்ணன் அதற்குப் பிறகு எந்த அணியிலும் ஆடவில்லை. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்தான். நான் அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். போன தை மாதம் அவன் பண்ணைக்குப் போனபோது, தீவன மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பெரியப்பாவிடம் அன்று நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டேன். திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"அது அன்னைக்கே தெரியும் சாமி. நானு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பன் உட்டிருப்பாரு. நானே போயிட்டா நீ என்னைக்குத்தான் ஆடறது?"

எனக்கு மன்னிப்புக் கிடைத்த நிம்மதி வரவில்லை. பழைய எரிச்சல்தான் வந்தது. வாழ்க்கையில் அவனிடமிருந்து நானாகப் பறித்தது அது ஒன்றுதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதுவும் இல்லை என்றாகிவிட்டது. கிளம்பும்போது காரில் இரண்டு அட்டை முட்டை ஏற்றினான். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.