சகதியில் ஓடிய வள்ளம்

படகு ஓட்டப் பதிவு வேண்டும், தகுதிச் சான்று வேண்டும், எத்தனை பேர் ஏறலாம் என்று பக்கவாட்டில் எழுதியிருக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அரசு மேசையில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். என் மாமா கட்டிய வள்ளத்துக்கு எந்த விதியின்கீழ் அனுமதி தருவது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

அம்மாவின் தம்பி அவர். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் தச்சு வேலை. அதற்குமுன் மலையாளக் கரையில் இருந்தபோது, ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் பழைய வள்ளங்களைப் பார்த்திருக்கிறார். நாகலாபுரம் பக்கம் எங்கள் வீட்டில் வந்து தங்கி, தீக்குச்சிக்கு வரும் லேசான மரத்தில் அதே மாதிரி ஒன்று தைத்தார். அடியில் எண்ணெய் பூசிப் பூசி வழவழப்பாக்கினார். ஒரே ஆள் தலையில் தூக்கிப் போகலாம். அவ்வளவு அழகான பொருளை எங்கள் ஊர் பார்த்ததில்லை. தண்ணீரையும் அதிகம் பார்த்ததில்லை.

"குடிக்கத் தண்ணியக் காணோம், இவன் வள்ளம் கட்டுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அப்பா. கண்மாய் நிறைந்தால் முதலில் ஏறுவது நான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஐப்பசியில் அடைமழை. மூன்றாம் நாள் காலை அம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டார். தார்ச்சாலை ஒரு மைல் தூரம். நனைந்த கரிசல் வண்டியை அச்சுவரை விழுங்கியது. கட்டிலோடு தூக்கியவர்கள் பத்தடியில் முழங்கால்வரை புதைந்து நின்றார்கள்.

மாமா வள்ளத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்.

"அத்தான், அக்காவ இதுல படுக்க வைங்க. இழுத்துருவோம்."

அப்பா கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முதலில் நான்தான் ஏற வேண்டும் என்று நான் அழுதேன்.

"ஏட்டி, இன்னைக்கு ஒங்கம்மைக்கு விட்டுக்குடு" என்றார் மாமா.

இழுத்தவர்கள் விழுந்து விழுந்து எழுந்தார்கள். வள்ளம் ஒருமுறைகூடச் சாயாமல் சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. சாலையில் ஒரு லாரி அம்மாவை ஏற்றிக்கொண்டது.

எட்டாம் நாள் கையில் என் தம்பியோடு அம்மா வீடு வந்தாள். அன்று சாயங்காலம் அப்பா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொரு தையலாக வள்ளத்தைக் கழுவித் தன் துண்டால் துடைத்தார். நான் ஏறுவதற்காகத்தானே என்று கேட்டேன். திரும்பாமலே தலையாட்டினார். முகத்தை வள்ளத்துக்குள் கவிழ்த்தபடி நெடுநேரம் நின்றார். கரிசல் மண் லேசில் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.