துடைத்தே மறைத்த எண்ணெய்

“…எனக்க ஆட்டோவுல ஒரு பொட்டு எண்ணெய்கூட ஒழுகாது அண்ணே, குனிஞ்சு பாருங்க!” என்று தெருவே கேட்கும்படி சொன்னான் தாசன்.

நான் குனியவில்லை. குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் ரோசம்மாள் அக்கா அன்று காலை எங்கள் சந்தில் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து, கால் பிசகி வீட்டோடு கிடந்தார். சந்தில் நிற்பவை இரண்டே வண்டிகள், அவனுடைய ஆட்டோவும் என்னுடைய பழைய காரும். “எனக்க எஞ்சின் கண்ணாடி மாதிரி இருக்கு, பாருங்க” என்று நான் போனட்டைத் திறந்து காட்டியதும் எல்லாரும் என்னை நம்பி, பழியைத் தாசன்மேல் போட்டார்கள். தாசன் அதற்குப் பிறகு ஆட்டோவை ஜங்ஷனிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான்.

ஆட்டோ போன பிறகும் சந்தில் புது எண்ணெய் சொட்டியது. தினமும் எஞ்சினைத் துடைக்கிற நான், அன்று துடைக்காமல், கசிவு இருந்தால் தெரியட்டும் என்று அதன்மேல் முகப்பவுடரைத் தூவி ஓடவிட்டேன். எஞ்சின் மேல்மூடியின் பின்மூலையிலிருந்து வெள்ளைப் பவுடரின் மேல் ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது. கசிவை ஆசை ஆசையாகத் துடைத்து மறைத்தது நானேதான்.

மூடிக்கு அடியில் எண்ணெயைத் தடுக்கும் கேஸ்கட் நைந்திருந்தது; அதை அன்றே மாற்றிவிட்டேன். தாசனிடம் சொல்லத்தான் நாளானது. இரும்பைவிட நாக்கு கனக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். கடைசியில் ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எஞ்சினுக்குப் பவுடர் போட்டியளா? அதுக்கு என்ன, கல்யாணமா?” என்று ஸ்டாண்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாசன் சிரிக்கவில்லை.

“ரோசம்மாள் அக்காகிட்ட சொன்னியளா?”

“இல்லடே.”

அவன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்து, குளச்சல் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, “ஏறுங்க” என்றான்.