தகடு பழசு, ஆணி புதுசு

இந்த நினைவு மலரை யாராவது அப்பாவின் கையில் கொடுத்திருந்தால், அட்டைப் படத்தைப் பார்க்கும் முன்பே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்திருப்பார். எந்த அச்சகம், யார் செலவு, எதற்காக நம் வீட்டுக்கு வந்தது என்று தெரிந்த பிறகுதான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். அவர் இறைவனில் இளைப்பாறத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. அங்கேயும் வாசலில் நின்று, "நெசமாவே இதானா அந்த எடம்?" என்று கேட்டிருப்பார் என்பதில் அவருடைய மகளாகிய எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா பிறந்தது ராயபுரம் கல்மண்டபம் அருகே ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பா ஐ.டி.ஐ. படித்து, அதே துறைமுகத்தின் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். வாலிப வயதில் நண்பர்களோடு லாரியில் தொற்றிக்கொண்டு சோழவரத்துக்குக் கார் பந்தயம் பார்க்கப் போனவரை அந்த இஞ்சின் சத்தம் பிடித்துக்கொண்டது, கடைசிவரை விடவில்லை. பந்தயங்கள் நின்றுபோயின. ஓடிய கார்கள் யார் வீட்டுக் கொட்டகையிலோ, எந்தப் பழைய இரும்புக் கடையிலோ ஒதுங்கிவிட்டன. பணி ஓய்வு பெற்றதும் அப்பா அவற்றைத் தேடிப் புத்தகம் எழுதக் கிளம்பினார்.

"ரிட்டேர் ஆன மனுசன் வேளாங்கண்ணிக்குப் போவாரு. இவரு இன்னாடான்னா ஷெட்டு ஷெட்டா பூந்துகினு கீறாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

இரண்டு புத்தகங்கள் எழுதினார். அதில் யார் சொன்னதையும் நம்பி எழுதிய வரி ஒன்றுகூடக் கிடையாது. காரின் சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கள் காரே அன்று ஜெயித்தது என்பார்கள். அப்பா வெளியே வந்து என்னிடம், "ஜெயிச்ச வண்டி ஒண்ணுதாண்டி. ஊரு பூரா உடான்ஸ் வுடறானுங்க" என்பார். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, எண் பொறித்த இடத்தைத் துடைத்துப் பார்த்து, பெயிண்டை நகத்தால் சுரண்டும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுவரை காரின் மேல்பக்கத்தில் கையும் வைக்கமாட்டார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "கைய வெச்சா சாட்சி சொன்னாமாரி" என்பது அவர் கணக்கு. நம்பிக்கை வந்துவிட்டால் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்து, பானெட்டின் மேல் வைப்பார். புகைப்படம் எடுப்பது அதற்குப் பிறகுதான். அவருடைய புத்தகங்களை வைத்திருப்பவர்கள் இப்போதே எடுத்துப் பாருங்கள், எல்லாப் படத்திலும் அந்தக் கை இருக்கும்.

வீட்டிலும் இதே பாடுதான். காசிமேட்டில் அவர் தலை தெரிந்தாலே மீன்கார அக்கா, "நைனா வர்றாரு, செவுள தொறந்து வையி" என்று குரல் கொடுப்பார். என் மதிப்பெண் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் அவர். இரண்டாம் புத்தகம் அச்சேறிக்கொண்டிருந்தபோது ஓர் அத்தியாயத்தின் மேல் சந்தேகம் வந்து அச்சகத்துக்கே ஓடி நிறுத்தினார். "யோவ் பெர்சு, பேஜாரு பண்ணாதய்யா" என்று அச்சகக்காரர் கத்தியும் அந்தத் தாள்களை உருவிப் போட்டுவிட்டுத்தான் வந்தார். கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்தவள் நான். நான் முடித்ததும் ஏதோ நானே இட்டுக்கட்டி நுழைத்துவிட்டதுபோல வரி வரியாகச் சரிபார்ப்பார். பெற்ற மகளையுமா என்று எனக்கு வலிக்கும்.

மூன்றாம் புத்தகத்தின்போது திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு வைத்திருக்கும் முதலாளி ஒருவர் எங்கள் வாழ்க்கையில் வந்தார். அவரிடம் சிவப்பு நிறத்தில் இருவர் அமரும் பந்தயக் கார் ஒன்று இருந்தது. சோழவரத்தில் பேர்போன கார் அதுவே என்றார். அப்பா அடியில் படுத்து, எண் பொறித்த தகட்டையும் அதை அடித்திருந்த ஆணிகளையும் பார்த்து எழுந்து, "தகடு பழசு, ஆணி புதுசு. ஒருத்தன் சட்டய இன்னொருத்தன் மாட்டிகினு நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

முதலாளி விடவில்லை. காரை விற்க நினைத்தவருக்கு அப்பாவின் புத்தகத்தில் ஒரு பத்தி வந்தால் போதும், விலையே வேறு. கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தது, பிரியாணி வந்தது. அப்பா தொடவில்லை. என் தம்பியின் பிள்ளைகள் மிச்சம் வைக்கவில்லை.

அப்பாவுக்கு நுரையீரல் பழுதாகி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேயும் நர்ஸிடம், "நேத்து மாத்தர வேற கலர்ல இருந்துச்சே?" என்றார். கடைசி நாளில் பேச்சு இல்லை. அரைகுறையாக நின்ற புத்தகத்தை நான் முடித்துவிடுகிறேன் என்றேன். அவர் வலது கையைப் படுக்கை விரிப்பில் தேய்த்து, மெல்லத் தூக்கி என் தலையில் வைத்தார். ஈரத்தலையோடு வந்திருக்கிறேனா என்று பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

அடக்கத்தன்று முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, "ஆஸ்பத்திரில பெரியவரு என் கையப் புடிச்சிகினு ஒத்துக்கினாரும்மா, அதே வண்டிதான்னு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் குளிக்க வீட்டுக்குப் போன நேரத்தில் அவர் வந்திருக்கலாமே? சாகும் நேரத்தில் அப்பா இளகியிருப்பாரோ? அப்பா சொன்ன ஒரு சொல் பொய்யாகிவிட்டால் இரண்டு புத்தகங்களும் பொய்தான். மாதக்கணக்கில் இந்த முள் உறுத்தியது.

ஆண்டு நினைவுக்கு மலர் போடப்போவது தெரிந்ததும் முதலாளி மறுபடியும் வந்தார். வழவழப்பான தாளில், வண்ணத்தில், முழுவதும் தன் செலவு என்றார். ஒரு படத்தை மட்டும் போட வேண்டும், அதன் கீழே "அப்பா உறுதிசெய்த கார்" என்று ஒரு வரி. படத்தில் அப்பா அந்தச் சிவப்புக் காரின் அருகே நிற்கிறார். "போட்டுட்டுப் போலாம்க்கா, அப்பா படந்தானே" என்றான் தம்பி.

போலிப் படம் என்று நிரூபிக்க நான் அதைக் குடைந்து குடைந்து பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை, தேய்ந்த செருப்பு, எல்லாம் அப்பாவுடையதே. படம் உண்மைதான். மனம் விட்டுப்போனது. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏய், அவரு கைய பாருடி."

"எந்தக் கைம்மா?"

"அதான் சொல்றேன், ரெண்டையும் காணோமே. பின்னால கட்டிகினு நிக்கிறாரு. யாரு கிட்ட கத வுடறான் அந்தாளு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே, விரிப்பில் தேய்த்துவிட்டு என் தலைக்கு வந்த கை நினைவுக்கு வந்தது. அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன்.

எங்களோடு அழுத பங்குத் தந்தைக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த காசிமேட்டு அண்ணன்மார்களுக்கும், மாத்திரையின் நிறத்தைச் சலிக்காமல் விளக்கிய நர்ஸ் சகோதரிக்கும், அப்பாவிடம் பட்ட பாட்டையெல்லாம் மறந்து இந்த மலரை அச்சிட்டுத் தந்த அச்சகக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாள் வழவழப்பாக இல்லையே என்று நினைத்தவர்களுக்குக் காரணம் இந்நேரம் தெரிந்திருக்கும்.

திருவொற்றியூர் முதலாளிக்கும் நன்றி உண்டு. அவர் கேட்ட வரியைப் போடவில்லை, கொடுத்த படத்தைப் போட்டிருக்கிறோம். அப்பாவைப் போலவே மலரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். காரை விடுங்கள், அப்பாவின் கை எங்கே என்று பாருங்கள்.