என் இருக்கையில் விரித்த தாள்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் நான் படித்த கல்லூரியின் கால்பந்து மைதானத்தைப் புதுப்பித்து, சிமெண்டுப் படிகளில் பளபளவென்று மர இருக்கைகள் போட்டார்கள். நான் வாடகைக்கிருந்த வீட்டின் சொந்தக்காரர் அங்கே ஒரு ஆட்டத்தையும் விடமாட்டார். தக்காளி நிறக் கழுத்து, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. மனைவி நோயில் படுத்திருந்ததால் அந்த அம்மாளுடைய சீசன் டிக்கெட்டில் என்னைக் கூட்டிப்போவார். நான் உட்காருமுன் செய்தித்தாளில் ஒரு தாளை உருவி என் இருக்கையில் விரிப்பார். தனக்கு விரித்துக்கொள்ள மாட்டார். கோல் விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவார். அந்தத் தாளைப் பற்றி அம்மாவுக்குப் பெருமையாக எழுதினேன்.

கடைசி ஆட்டத்துக்கு மனைவி குணமாகி வந்துவிட்டார். நான் நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு வணக்கம் சொல்லப் போனேன். அந்த அம்மாள் வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"குளிருமே, தாள் போடலையா?" என்றேன்.

"அது குளிருக்காக இல்லப்பா," என்று சிரித்தார் வீட்டுக்காரர். "இவ திரும்ப வந்து உட்கார்ற இடமாச்சே, அதுக்காக."

அந்தச் சிரிப்பில் துளி வெறுப்பு இல்லை. எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவளுக்குத் தனி டம்ளரில் காபி ஊற்றும்போது அம்மாவும் அப்படித்தான் சிரிப்பாள்.