அக்கா கேட்டு வாங்கிய பதில்

எங்கள் அக்கா பேசாலையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்தவன் நான் ஒருவனே. ஆகவே அதிகாரம் செய்ய அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. எழுதினால் போதும் என்று அத்தான் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

அப்பாவைக் கடல் கொண்டுபோன பின்பு, அக்கா கருவாடு காயவைத்து என்னைப் படிக்க வைத்தார். படிப்பு என்னிடம் அதிக காலம் தங்காதது அவருடைய குற்றமல்ல. கீரிக் கிராமத்துக்கு மணமாகிப் போன பிறகும் எங்கள் ஆலய நாடகங்களை அவரே பழக்கினார். திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது என் வேலை.

பின்னாளில் அக்காவின் சிறுநீரகம் பழுதானது. அயலவர்கள் அவர் வீட்டு வளவுக் கிணற்றைக் குறை சொன்னார்கள். நோயைவிட அந்தப் பேச்சே அவரை அரித்தது. அவருடைய பிள்ளைகள் இருவரும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்.

ஒருமுறை ஆய்வாளர்கள் வந்து, எங்கள் பகுதியில் இதே நோய் வந்தவர்களின் இரத்தத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

"மீன் கொண்டுபோற முதலாளிகூடத் திரும்பி வந்து ஒரு பொய்யாவது சொல்லுவார். இவை அதுக்கும் வரேல்லை" என்றார் அக்கா.

இரத்தம் சுத்திகரிக்கப் போகும் பஸ்ஸிலேயே நோயாளர் சங்கம் உருவாயிற்று. அக்கா தலைவி. நாங்கள் நானா என்று அழைக்கும் தாராபுரத்து முஸ்லிம் மீன் வியாபாரி செயலாளர். ஆய்வாளர்கள் மறுபடியும் வருகிறார்கள் என்றதும், அக்கா நாடகம் பழக்குவது போலச் சங்கத்தைப் பழக்கினார். நானா பெரிய டொக்டராக நடித்தார்.

"முடிவு சொல்ல ஏலாது. சொன்னாலும் உங்களுக்கு விளங்காது" என்பார் நானா.

"விளங்கப்படுத்திறது உங்கட வேலை, டொக்டர்" என்பார் அக்கா.

நானா ஏலத்தில் பழகியவர். லேசில் இறங்கமாட்டார். ஒத்திகைகள் எல்லாவற்றிலும் சங்கம் தோற்றது.

"நானா, நீங்கள் எங்கட பக்கம்."

"ஓம் தங்கச்சி, அது மறந்துபோச்சு."

ஆலய மண்டபத்துக்கு வந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். அக்கா எழுந்து, "இரத்தம் தருவம். ஆனால் முடிவைத் தமிழில வந்து சொல்லவேணும். என்ன கேள்வி கேக்கிறது எண்டு நீங்கள் யோசிக்கேக்க எங்கட ஆள் ஒராளும் பக்கத்தில இருக்கவேணும்" என்றார்.

"ஓம் அம்மா, அது நியாயம்தானே. அப்பிடியே செய்வம்."

அக்கா திகைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். எடுத்துக்கொடுக்க என்னிடமும் வசனம் இருக்கவில்லை.

"உடனை ஓம் எண்டால் எப்பிடி, டொக்டர்? ஒருக்கா ஏலாது எண்டு சொல்லுங்கோ. நாங்கள் பழகியெல்லோ வந்தனாங்கள்."

"நான் சொல்லட்டே?" என்று பின்னாலிருந்து நானா கேட்டார்.

கேள்விகளைத் தயாரிக்கும் இடத்தில் அக்காவே போய் இருந்தார். கடலுக்குப் போகிறவர்கள் அங்கே என்ன குடிக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னவர் அவர்தான்.

டொக்டர் சொன்னபடி திரும்பி வந்தார். அப்போது நடக்க முடியாதிருந்த அக்காவைக் கதிரையோடு மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவருடைய கிணற்றில் குற்றம் காணவில்லை என்றும், நோய்க்குக் காரணம் இன்னும் தெரியாது, தொடர்ந்து தேடுகிறோம் என்றும் டொக்டர் தமிழில் விளக்கினார்.

"கிணத்தில குற்றமில்லை எண்டதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. பின்னுக்கு இருக்கிறவைக்கும் கேக்கட்டும்" என்றார் அக்கா.

டொக்டர் எழுந்து நின்று உரத்துச் சொன்னார்.

"தெரியாது எண்டதையும் வந்து சொன்னீங்கள். அது போதும் பிள்ளை" என்றார் அக்கா.

அதன்பின் அக்கா அதிக நாள் இருக்கவில்லை. பங்குத்தந்தையிடம் நோயில்பூசுதல் என்ற திருவருட்சாதனம் பெற்று, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அவரைப் பராமரித்த தாதியர், டொக்டர், பங்குத்தந்தை, பஸ்ஸில் அவருக்கு யன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்த சங்கத்தவர்கள், முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகள், அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இன்று உங்களுக்குத் தரும் தேநீர் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டது. முதல் கோப்பையைத் தானே குடிப்பதாக நானா சொல்லியிருக்கிறார். நீங்களும் ஆறுதலாக இருந்து குடித்துவிட்டுப் போங்கள்.