வெயிலில் வைத்த செல்

டார்ச்சுக்கு நான் வாங்கிய இரண்டு லித்தியம் செல்களிலும் பாதுகாப்பு சர்க்யூட் கிடையாது. அளவுக்கு மீறி வடிந்தாலும் சூடேறினாலும் தடுக்க உள்ளே ஒன்றுமில்லை. நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். இதை என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் ஏறியிருந்த நரிக்குடி பஸ் திருச்சுழியைத் தாண்டும்போது அவர் போன் செய்தார்.

"டார்ச்சு மங்கிப்போச்சு. செல்லைக் கழட்டி மொட்டைமாடியில வெயில்ல வச்சிருக்கேன். ரேடியோ செல்லுக்கெல்லாம் அப்படித்தான உசுரு வரும்?"

எனக்கு வந்ததே கோபம்! "இது அந்தச் செல்லு இல்லீங்க, வெடிச்சிரும். பக்கத்துல பேப்பரு, துணி எதுவும் இருக்கா? முதல்ல நிழலுக்கு எடுங்க. உப்பியிருந்தா கையால தொடாதீங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. போனை வைத்த பிறகு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண் சன்னலோரமாக ஒதுங்கிக்கொண்டார். நான்காவது முறைதான் வீட்டுக்காரர் எடுத்தார்.

"எடுத்துட்டேன். உப்பல்லாம் இல்ல. மாடிச் சுவத்துத் திண்டுக்குக் கீழ நிழல்ல தனியா வச்சிருக்கேன்."

"ஆறுனாலும் சார்ஜ்ல போடாதீங்க. நான் வந்து பாக்குறேன். சொன்னா ஒரு வார்த்தை காதுல ஏறாதா?"

"சரி, கத்தாத. இன்னொரு செல்லு எங்க? அதையாவது பத்திரமா வைப்போம்."

கைப்பைக்குள் கையை விட்டேன். சாவிக்கொத்தோடு சாவிக்கொத்தாகக் கிடந்தது அது, மேல்தோல் கீறிப்போய். இரண்டு முனையிலும் ஒரு சாவி பட்டிருந்தால் என் மடியிலேயே தீப்பிடித்திருக்கும்.

"அதெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு," என்றேன், கைக்குட்டையில் அதைச் சுற்றியபடி.