மருமகளுக்கு நான் பூட்டிய கம்ப்யூட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பத்திரிகைக்கு எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

என் மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பான். வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் வேலை பார்த்தாள். அதன்பிறகு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொல்ல மாட்டாள். ஆனால் கூடவே இருக்கிறவளுக்குத் தெரியாதா?

அப்போதுதான் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. ஐபோனில் ஓடுகிற மாதிரி ஒரு செயலி செய்து காட்ட வேண்டும். ஆடிப்பெருக்குக்கு மறுநாள்தான் கடைசி நாள். பிடித்திருந்தால் வேலை, அதுவும் வீட்டில் இருந்தபடியே. கிடைக்காவிட்டால் பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் பழைய மாதிரி வேலை தேடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள்.

ஐபோனுக்குச் செயலி செய்ய ‘மேக்’ என்கிற கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம். அது எங்களுக்கு எட்டாத விலை. அதனால் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாமே ஒரு பெட்டி செய்து, அதில் மேக்கை, அதாவது மேக்குக்கு உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேரை, ஓட வைக்கலாம் என்றாள். மேக்கைச் செய்கிற கம்பெனிக்காரர்கள் தங்கள் பெட்டியில்தான் அதை ஓட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். “அது ஒண்ணு மனசுக்கு உறுத்துது அத்தை. வேல கெடச்சதும் மொதல்ல நெசமான பொட்டியே வாங்கிரலாம்” என்றாள். எந்தச் சாமான் போட்டாலும் அது ஓடிவிடாதாம். நாள் கணக்கில் படித்துப் படித்துப் பொறுக்கி வைத்திருந்தாள். ஏற்காட்டில் செல்போன் கடை வைத்திருக்கிற பாய்தான் பழையதும் புதியதுமாகச் சேலத்திலிருந்து வாங்கிக் கொடுத்தார்.

கடைசிச் சாமானை வாங்கிக்கொண்டு வரும்போது மழைத் தண்ணீரில் அவள் ஸ்கூட்டி வழுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வலது கைக்கு முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டார்கள். நான் பதறிக்கொண்டு போனால், அவள் கேட்ட முதல் வார்த்தை, “கை கெடக்குது அத்தை, பையில அந்தக் கார்டு ஒடையாம இருக்குதான்னு பாருங்க.”

திரையில் படம் காட்டுகிற அந்தக் கார்டு உடையவில்லை. ஆனால் மாட்டுவது யார்? பாய் கடையை விட்டுவிட்டு மலைக் கிராமத்துக்கு வந்து உட்கார முடியாது. மறுநாள் அவள் அத்தனை அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, “அவங்களுக்கு முடியலேன்னு சொல்லிர்றேன்” என்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

“நான் மாட்டறேன் கண்ணு. நீ சொல்லு” என்றேன்.

அன்றைக்கே மகன் போனில் பேசினான். கேட்டுவிட்டுச் சிரித்தான். “அம்மா, மிக்சி சுவிட்ச் போடறதுக்கே செருப்புப் போட்டுக்கிட்டு வருவியே, நீயா?”

“செருப்புப் போட்டுக்கிட்டேதான் மாட்டப்போறேன், நீ வண்டியப் பாத்து ஓட்டு” என்றாள் மருமகள், போனைப் பிடுங்கி, என் குரலில். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வளையல்களைக் கழற்றி வைத்தேன். முதலில் இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு அப்புறம்தான் சாமானைத் தொட வேண்டும் என்றாள். உடம்பில் இருக்கிற கொஞ்ச நஞ்சக் கரண்டும் அதில் இறங்கிவிடுமாம். மூளை என்று ஒரு சின்னச் சதுரத்தைக் கொடுத்தாள். எல்லாச் சாமானையும் தாங்குகிற போர்டில், அதை வைக்கிற குழியில் மயிர் மாதிரி நூற்றுக்கணக்கான ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போர்டே வீண். “பூ வெக்கற மாதிரி வெய்யுங்க அத்தை, தள்ளாதீங்க” என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். ஒரு ஊசி அசையவில்லை. “எனக்கே இப்படி வராது” என்றாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதன் தலையில் பட்டாணி அளவு பசையை வைத்து மேலே காற்றாடியைப் பூட்டினேன். கார்டையும் செருகித் திருகாணிகளை முடுக்கினேன். சின்னச் சின்ன ஒயர்களை, இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரியாததால், அவள் நிறம் சொல்லச் சொல்ல மாட்டினேன். அவள் இடது கையால் போன் வெளிச்சம் காட்டினாள்.

எல்லாம் முடிந்து பொத்தானை அமுக்கினால் காற்றாடி சுற்றியது. ஆனால் போர்டின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, “மெமரி சரியா உக்காரல. நல்லா அமுத்துங்க” என்றாள். மெமரி என்பது நீளமான ஒரு பட்டைத் துண்டு. அமுத்தினேன். “இன்னும்.” அமுத்தினேன். “இன்னும் அத்தை!”

“ஒடிஞ்சிருமே சாமி!”

முப்பது வருடம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த கை இது. பழத்தை மட்டும் திருகி எடுக்க வேண்டும், கிளைக்கு வலிக்கக் கூடாது. கணு ஒடிந்தால் அடுத்த வருடம் அங்கே பூ வராது, கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டர் சத்தம் போடுவார். எதையும் பலமாக அழுத்த என் கைக்குத் தெரியவில்லை. ஊசிக் குழியில் என்னைக் காப்பாற்றிய அதே கைதான் இங்கே வேலையைக் கெடுத்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஒடித்தே விட்டேன் என்று நினைத்தேன். “அதுதான்! அதுதான்!” என்று குதித்தாள் அவள், மாவுக்கட்டோடு.

இந்த முறை சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆனாலும் டிவி மாதிரி இருக்கிற திரையின் ஒயரைப் பெட்டியின் பின்பக்கம் மாட்டினால்தானே படம் தெரியும்? அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இங்கிலீஷில் பேசிக்கொண்டே, “அதையும் மாட்டிருங்க” என்று சைகை காட்டிவிட்டு வெளியே போனாள். பெட்டியின் பின்னால் அந்த ஒயர் நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டைகள் இருந்தன. மேலே ஒன்று திறந்து இருந்தது. கீழே இருந்ததைக் கறுப்பு மூடி போட்டு மூடியிருந்தார்கள். மூடி வைத்ததைக் கேட்காமல் திறப்பது எனக்குப் பழக்கமில்லை. எஸ்டேட் பங்களாவில் கொஞ்ச நாள் வேலை செய்தபோதுகூட மூடிய பாத்திரத்தை நான் திறந்து பார்த்ததில்லை. போனில் பேசுகிறவளைப் போய்க் கேட்கவும் கூச்சம். திறந்திருந்ததில் மாட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

திரையில் எழுத்து வந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேக்கை ஓட வைக்கிற சங்கதிகளை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தாள். அதைச் செருகினாள். கடித்த ஆப்பிள் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. கீழே ஒரு கோடு மெல்ல ஓடியது. பாதி ஓடியதும் திரை கறுத்துவிட்டது.

பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மறுபடி ஆப்பிள், மறுபடி பாதிக் கோடு, மறுபடி இருட்டு.

அன்றும் மறுநாளும் இதேதான். அவள் எதையோ மாற்றுவாள், பெட்டியைப் போடுவாள், கறுத்துவிடும். மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு இன்னொன்றை மாற்றுவாள். இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஆட்களிடம் கேட்பாள், அவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் இடது கையில். சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்தால் ஆறிப்போகும். எனக்கு அந்த இரண்டு ஓட்டைகளின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் இவ்வளவு படித்த பிள்ளை இவ்வளவு யோசிக்கிறாளே, நாம் போய் ஓட்டை, மூடி என்று பேசினால் நன்றாகவா இருக்கும் என்று அடுப்படிக்கே திரும்பிவிடுவேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். “எங்கியோ நான்தான் தப்பு எழுதியிருக்கேன், கண்டுபுடிக்க முடியல. விட்ருங்க அத்தை. பெங்களூர்லயே ஹாஸ்டல் பாக்கறேன்.”

அதைக் கேட்டதும் எனக்குக் கூச்சம் எங்கே போனதோ. “ஏன் கண்ணு, அந்த மூடி போட்ட ஓட்டை எதுக்கு?” என்று கேட்டேன்.

“எந்த மூடி?”

“பின்னால. ரெண்டு ஓட்டை இருந்துச்சு. ஒண்ண மூடியிருந்தாங்க, அதனால மேல தொறந்திருந்ததுல மாட்டுனேன்.”

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் தரையில் படுத்துச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்தே சத்தம் வந்தது. “அத்தை! ரெண்டு நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடக்கறேன்!”

எழுந்தவள் முகத்தில் தூசி. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. “நீங்க என்ன பண்ணுவீங்க, அது தூசி போகாம இருக்க வெச்ச மூடி. ஒரு தடவ குனிஞ்சு பாத்திருந்தா நானே கண்டுபுடிச்சிருப்பேன். மொதல்ல ஒயரப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நானு” என்றாள். ஆப்பிள் வருகிற வரைக்கும் போர்டே படத்தைக் காட்டிவிடுமாம். அதற்குமேல் கீழ் ஓட்டை இருக்கிற கார்டுதான் காட்ட வேண்டுமாம். அது காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பார்க்க ஒயர் இல்லை.

“நீங்களே மாத்துங்க” என்றாள். மூடியைப் பிடுங்கினேன். ஒயரை மாட்டினேன், இந்த முறை பலமாக. ஆப்பிள் வந்தது. கோடு பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. கடைசி வரை ஓடியது. திரை முழுக்க வெளிச்சம். அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

அதோடு முடியவில்லை. மீதியை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும், அது அவ்வளவு பெரிசு, பேசுகிற அளவுக்கு வருகிற எங்கள் ஊர் சிக்னல் அதற்குப் போதாது. மறுநாள் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு, பாய் கடைக்குப் போனோம். கண்டக்டர் கேட்டார்.

“ஏனுங்கம்மா, பழைய டிவிங்களா?”

எப்போதும் இப்படிக் கேட்டால் நான் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு, “கம்ப்யூட்டருங்க. நாந்தான் பூட்டுனேன்” என்றேன். கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன் போல, முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

“நீங்களா? வெளையாடாதீங்கம்மா!”

“நெசமாத்தானுங்கண்ணா, எங்க அத்தைதான்” என்று மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள் மருமகள். “என்ற கை இருக்கற லட்சணத்தப் பாருங்க.”

“அப்படின்னா எங்க ஊட்டு டிவியும் ஓடாம நிக்குதுங்க, வந்து பாக்கறீங்களா?” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் மனசுக்குள் நொம்ப சந்தோஷம்.

பாய் கடையில் எல்லாம் இறங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு சத்தம் மட்டும் வரவில்லை. அவள் ஏதோ ஒரு எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு அதையும் வரவழைத்தாள். அப்புறம் இடது கையாலேயே செயலியை எழுதினாள். தள்ளித் தள்ளி இருக்கிற இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்க வேண்டி வந்தால், “அத்தை!” என்று கூப்பிடுவாள். அடுப்பிலிருந்து ஓடிப்போய் ஒரு பொத்தானை நான் அமுக்குவேன். ஆடிப்பெருக்கு அன்றும் அப்படித்தான் ஓடினேன்.

மறுநாள் கம்பெனி அம்மா ஒருவர் திரையில் வந்து செயலியைப் பார்த்தார். எந்த மேக்கில் செய்தாய் என்று கேட்டாராம். இவள் ஒளிக்காமல் உள்ளதைச் சொல்லி, “எங்க அத்தை பூட்டுன பொட்டி” என்றிருக்கிறாள். அந்த அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ்ஸில் அவ்வளவு பேசிய நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மருமகள் திரையையே என் பக்கம் திருப்பிவிட்டாள். கும்பிட்டேன், அவ்வளவுதான் வந்தது. அவரும் எழுந்து நின்று கும்பிட்டார்.

வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியே நிஜமான மேக் ஒன்றை அனுப்பியது, தட்டு மாதிரி மெலிசாக. நாங்கள் வாங்க வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கள் பெட்டியிலிருந்து மேக்கை அன்றைக்கே எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாள். பெட்டியை மட்டும் விற்கவில்லை. தான் புதிதாகக் கற்றுக்கொள்வதை அதில்தான் செய்து பார்க்கிறாள். பனிக்காலத்தில் ஈரம் ஏறாமல் இருக்கத் தினமும் ஒரு தடவையாவது ஓட விட வேண்டும். அது என் வேலை.

அதற்குள்ளே என்ன நடக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் பொத்தானை அமுக்கியதும் காற்றாடி சுற்றுகிற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், என் மருமகள் இந்த மலையிலேயே இருந்து தன் வேலையைச் செய்கிறாள் என்றால் அதில் என் கையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.